மாதாவுக்கு ஒரு றாத்தல் பாண்

கடலில் இறங்கினால் சத்தி எடுக்கிற கடற்தொழிலாளி ஒருவர் மன்னார்த் தீவில் இருந்தார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். தோமஸ் அப்படித்தான் இருந்தார். பேசாலைக்குப் போகும் வழியில் கடலோரமாகக் கிடக்கும் சூசைப்பாடு அவருடைய ஊர். அந்த ஊரில் தவழத் தெரிந்த பிள்ளைக்கே நீந்தத் தெரியும் என்று பெருமையடித்துக்கொள்வார்கள். அதில் பாதி பொய். மிச்சப் பாதிக்குள்ளும் தோமஸ் அடங்கமாட்டார். கரை மங்கத் தொடங்கினதும் அவருக்குக் காது அடைக்கும், வாயில் தண்ணி ஊறும். அதற்குப் பிறகு நடப்பதை எழுதி, சாப்பிட்டுவிட்டு வாசிக்கிறவர்களின் சாபத்தை நான் ஏன் வாங்க வேண்டும்?

படகில் அவருக்குக் கூட்டாளி றொசாந்தன், மனைவி கிறேசின் தம்பி. வலை இழுக்கிற நேரம் பார்த்து அத்தான் படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குனிந்திருப்பார். றொசாந்தன் மறுபக்கம் திரும்பி எஞ்சினில் ஏதோ பழுது பார்ப்பவன் போல நிற்பான். கரையில் யாராவது விசாரித்தால், "அத்தான் இருந்தபடியாத்தான் இண்டைக்கு இவ்வளவும் பட்டது" என்பான். இரண்டு ஆள் வேலையைத் தனியாகச் செய்துவிட்டு, பங்கை மட்டும் சரிபாதியாகப் பிரித்து வைப்பான். அந்த நல்ல குணத்தைத்தான் தோமசால் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்தக் கோலத்தில் ஏன் கடலுக்குப் போக வேண்டும்? அதற்கு ஊருக்குச் சொல்லக்கூடிய காரணம் ஒன்று இருந்தது, சொல்ல முடியாத காரணம் ஒன்றும் இருந்தது.

சொல்லக்கூடிய காரணம் இது. இந்தியாவில், மண்டபம் முகாமில் இருபது வருசம் அகதியாக இருந்துவிட்டு, சண்டை முடிந்து இரண்டாம் வருசம் தோமஸ் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பினார். மீள்குடியேறினவர்களுக்கு உதவி கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. கோயிலடித் தகரக் கொட்டகையில் மேசை போட்டு, கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "ஐயா, உங்கட தொழில்?" என்று கேட்டாள். தோமசுக்கு முன்னால் நின்றவர், "கடற்தொழில்." அவருக்கு முன்னால் நின்றவர், "கடற்தொழில்." அந்த வரிசை முழுக்க அதுதான் பதில். சூசைப்பாட்டில் வேறு பதில் இருக்கிறது என்பதே அன்று யாருக்கும் நினைவில் வரவில்லை. தோமஸ் இந்தியாவில் செய்தது பேக்கரி வேலை. இராமநாதபுரத்தில் ஒரு பேக்கரியில் மாக்குழைக்கிறவனாகச் சேர்ந்து, கடைசியில் பாண் ரொட்டி வேகிற அடுப்பான போறணைக்குப் பொறுப்பாக நின்றவர். ஆனால் முறை வந்ததும் அவருடைய வாய், தகப்பனின் வாயாகவும் பாட்டனின் வாயாகவும் மாறி, "கடற்தொழில், பிள்ளை" என்று சொல்லிவிட்டது. சொன்ன கையோடு நாக்கைக் கடித்தார். ஆனாலும் திருத்தவில்லை.

ஆறு மாதத்தில் ஒரு பைபர் படகும் எஞ்சினும் வலையும் வந்தன, அவருக்கும் றொசாந்தனுக்கும் கூட்டாக. பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்தார். கிறேஸ் தன் கையாலேயே நீலப் பெயின்ற் தொட்டு, மகளின் பெயரை 'றொஷேல்' என்று படகின் முகப்பில் எழுதினாள். முகாமிலேயே உருவாகி வளர்ந்த குடும்பத்துக்கு, பெயர் எழுதிக் கொண்டாடச் சொந்தமாக வந்த முதல் பொருள் அது. அதற்குப் பிறகு வாயைத் திறக்க தோமசுக்கு வழியில்லை.

சொல்ல முடியாத காரணத்துக்கு, அவருடைய பத்து வயசுக்குப் போக வேண்டும்.

அந்த வயசில் சூசைப்பாட்டுப் பொடியன்களைத் தகப்பன்மார் முதன்முதலாகக் கடலுக்குக் கூட்டிப்போவார்கள். தோமசின் தகப்பனும் கூட்டிப்போனார். பொடியன் போன வேகத்தில் வெறுத்துப்போய்த் திரும்பினான். பிடித்த மீனைவிட அவன் சத்தி எடுத்த கதைதான் கரையில் கூடுதலாக விலைபோனது. தகப்பன் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. "பழகிப்போகும்" என்றார். பழகிப்போகும் என்ற அந்தச் சொல்தான் பொடியனைக் கலக்கியது. இனி வாழ்நாள் முழுக்கவா?

அந்த வருசம் ஆவணித் திருவிழாவுக்கு ஊரே லொறி கட்டி மடு மாதா கோயிலுக்குப் போனது. காட்டுக்குள் பாலை மரத்துக்குக் கீழே சாக்கும் சீலையும் கட்டிக் குடில் போட்டு, பெரியவர்கள் சமையலும் செபமாலையுமாக இருந்தார்கள். பொடியன் மட்டும் தனியாகக் கோயிலுக்குள் போய், சனத்தின் கால்களுக்கிடையில் புகுந்து, மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்றான். "மாதாவே, என்னைக் கடலுக்குப் போக விடாதேயும்" என்று கேட்டான். வாய்விட்டுத்தான் கேட்டான். மாதாவுக்குக் காது கேட்காமல் போய்விடுமோ என்று இரண்டு தரம் கேட்டான்.

நேர்த்தி பலித்தது. பலித்த விதம்தான் பயங்கரம்.

முதலில் தாய் குறுக்கே நின்று, படிக்கிற பிள்ளை படிக்கட்டும் என்று அவனைக் கடலுக்கு விடாமல் தடுத்தாள். சில வருசம் போக, கடலில் நேவி வந்து நின்றது. இந்த எல்லைக்கு அப்பால் போகக்கூடாது, இந்த நேரத்துக்குப் பிறகு போகக்கூடாது என்று தொடங்கி, ஒருநாள் போகவே கூடாது என்றார்கள். தோமசின் தகப்பனுடைய வள்ளம் மணலில் கவிழ்ந்து கிடந்து வெயிலில் வெடித்தது. பிறகு ஒரு விடியப்புறம் ஊரே இந்தியாவுக்கு வெளிக்கிட்டது. அந்தப் பயணம் முழுக்கப் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தவாறு, இருபத்தொரு வயசுத் தோமஸ் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தார். 'நான் கேட்டேன். மாதா எனக்கு மட்டும் என்று பார்க்காமல் முழு ஊரையும் கடலிலிருந்து எடுத்துவிட்டா.'

படித்த மனிசர் இப்படி நினைப்பாரா என்று கேட்காதீர்கள். மடுவுக்கு நேர்த்தி வைத்து வளர்ந்த ஊரில் எல்லாரும் நினைப்பார்கள். பத்து வயசில் உள்ளே போன நினைப்பு, ஆள் வளர்ந்தாலும் தான் வளராது. அது அந்தப் பத்து வயசிலேயே உட்கார்ந்துகொண்டு, வளர்ந்த ஆளை ஆட்டிப்படைக்கும்.

மண்டபத்தில் தகப்பன் பின்னேரமானால் காணாமற் போய்விடுவார். தேடிப் போனால் கரையில் இருப்பார். "அந்தா, அந்தப் பக்கம்தான் எங்கட கரை" என்று தண்ணியைக் காட்டுவார். அங்கே ஒன்றும் தெரியாது. மருமகளாக வந்த கிறேஸ்தான் கையைப் பிடித்துக் கூட்டிவருவாள். மனிசன் ஒருநாளும் மகனைக் குறைசொல்லவில்லை. சொல்வதற்கு, அந்த நேர்த்திக் கதை அவருக்குத் தெரியவும் தெரியாது. அங்கேயே செத்தும் போனார். மகனுக்கோ அந்த மௌனம் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இப்போது விளங்கும், அவர் ஏன் திருத்தவில்லை என்று. 'நான் கேட்டுப் பறித்த கடலை மாதா திருப்பித் தந்திருக்கிறா. இந்தமுறை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? சத்தி வந்தால் வரட்டும். அதுதான் தண்டனை.' இந்தக் கணக்கில் ஒரு வருசத்துக்கு மேல் போனது. மனிசன் மெலிந்து கழுத்தெலும்பு தெரியத் தொடங்கியது. கிறேஸ், "ஊர்த்தண்ணி ஒத்துவரேல்லைப் போல" என்று வேப்பம்பூவை அவித்துக் கொடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் உம்மு குல்சூம் வந்தாள்.

மன்னாருக்குப் போகிற ரோட்டோரம் ஒருகாலத்தில் ஜுனைதீன் நானாவின் பேக்கரி இருந்தது. அவருடைய மூத்த மகள்தான் உம்மு குல்சூம். தொண்ணூறில் முஸ்லிம் சனங்கள் ஒரே மூச்சில் வெளியேற்றப்பட்டபோது அந்தக் குடும்பமும் புத்தளத்துக்குப் போனது. தகப்பன் அங்கேயே மௌத்தாகிவிட்டார். பிள்ளைகளெல்லாம் புத்தளத்தில் வேர்விட்டுவிட்டார்கள். பேக்கரி நின்ற வளவை என்ன செய்வதென்று பார்க்க அவள் மட்டும் வந்து, காடு வெட்டுவித்துக்கொண்டு நின்றாள். மீன் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் திரும்பி வந்த தோமஸ், முட்செடிக்குள்ளிருந்து அந்தப் போறணை வெளிப்படுவதைக் கண்டு இறங்கினார். கூரை இல்லை, புகைபோக்கி விழுந்திருந்தது, ஆனால் உள்தளத்துச் செங்கல் அப்படியே இருந்தது. கையை உள்ளே விட்டுத் தடவினார். தட்டிப் பார்த்தார். அது தொழில் தெரிந்தவனின் தட்டு.

"ஆரது?" என்று அவள் கிட்ட வந்தாள். முகத்தை உற்றுப் பார்த்தாள். "அல்லாவே! நீ சூசைப்பாட்டு மீன்காரப் பொடியன் தோமஸ் எல்லோ?"

"ஓம் ராத்தா. உங்களுக்கு இன்னும் ஞாபகமோ?"

"மறக்க விடுவியோ நீ? விடிய உன்ர உம்மா மீன் தந்துவிட, நீ பாணுக்கு மாத்த வருவாய். பாணை வாங்கினமா போனமா எண்டில்லை. இந்த வாசல்ல நிண்டு மோந்து மோந்து பாப்பாய். வாப்பா ஏசுவார், 'டேய், மணத்துக்கும் சேத்து மீன் கொண்டா' எண்டு."

தோமஸ் சிரித்தார். சிரித்துக் கன நாள் என்பதைக் கன்னம் வலித்தபோதுதான் உணர்ந்தார்.

"அதைவிட ஒரு கதை இருக்கு" என்றாள் அவள். "ஒருக்கா நீ மடுவுக்குப் போயிட்டு வந்து நேரா வாப்பாட்ட வந்தனீ. 'நானா, நான் மாதாட்டச் சொல்லிப்போட்டன். கடலுக்குப் போகமாட்டன். பெரியாளா வந்து போறணை வைப்பன். முதல் சூட்டுப் பாணை மாதாவுக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறன் எண்டு நேர்த்தி. இனி நான் உங்கட ஆள்' எண்டாய். வாப்பா அண்டைக்கு உனக்குச் சீனி தடவின பணிஸ் ஒண்டு சும்மா தந்தவர். புத்தளத்தில கடைசிக் காலத்திலயும் சொல்லிச் சிரிப்பார், 'மாதாவே அனுப்பின வேலையாள் ஒருத்தன் எனக்கு இருந்தான்' எண்டு."

தோமஸ் போறணை வாசலில் கையை ஊன்றிக்கொண்டார். நேர்த்தியின் முற்பாதியை அவர் இத்தனை வருசமாகச் சுமந்து திரிந்தவர். அதற்கொரு பிற்பாதி இருந்தது என்பதே மறந்துபோயிருந்தது. சீனி பணிசின் ருசிகூட இப்போது நாக்கில் வந்தது. அந்தப் பொடியன் பயத்தில் அழுதுகொண்டு மட்டும் கேட்கவில்லை. ஆசையோடும் கேட்டிருக்கிறான். ஒரு மனிசனாக வரப்போகிறேன் என்று நாலு பேருக்குச் சொல்லியும் வைத்திருக்கிறான். அந்த மனிசனைத்தான் காணோம்.

இந்தியாவில் பேக்கரியில் நின்றதை அவர் சொன்னதும் உம்மு குல்சூம் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வேலைக் கதைக்கு வந்தாள். "அப்ப கேள் தோமஸ். இந்த வளவை ஒரு ஹார்ட்வெயர் கடைக்காரர் கேட்டுக்கொண்டு நிக்கிறார். குடுத்தால் முதல்ல இந்தப் போறணையைத்தான் இடிப்பார். எனக்கு மனமில்லை. இடம் என்ர, வேலை உன்ர, வாறதில பாதிப்பாதி. மடுத் திருவிழா முடிஞ்சவுடனே அவருக்கு நான் பதில் சொல்ல வேணும். அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லு."

வீட்டுக்கு வந்து கிறேசிடம் கதையை எடுத்தார். சத்தியைச் சொல்லவில்லை, நேர்த்தியையும் சொல்லவில்லை, போறணையை மட்டும் சொன்னார். முக்கியமான இரண்டையும் விட்டுவிட்டுச் சொன்னால் எந்தப் பெண்தான் ஓம் என்பாள்?

"உங்களுக்கு என்ன விசரோ? போட் தந்து ஒண்டரை வருசம் ஆகேல்லை. திருப்பிக் குடுத்தால் அடுத்தமுறை உதவி வரேக்க எங்கட பேரையும் பாக்கமாட்டினம். உங்கட அப்பா கடல் கடலெண்டே கண்ணை மூடினவர். அவற்ற மகன் மாக் குழைக்கப் போறாராம்!"

தகப்பனைச் சொன்னதும் தோமஸ் எழும்பிப் போய் வலையை எடுத்து வைத்தார். அடுத்த நாளும் கடலுக்குப் போனார். அன்று வழமையைவிட மோசம்.

திருவிழா வந்தது. றொசாந்தன் படகைப் பார்க்க ஊரில் நின்றுகொள்ள, மற்றவர்கள் சட்டி பானையோடு லொறியில் ஏறினார்கள். பாலம் தாண்டி, உயிலங்குளத்து வயல்களைத் தாண்டி, மடுச் சந்தியில் திரும்பியபோது சனம் தானாகவே பாடத் தொடங்கியது. சண்டைக் காலத்தில் மாதாவே ஒருமுறை இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தவ. அதனால் அகதியாய்ப் போய் வந்தவர்களுக்கு அவவிடம் ஒரு தனி உரிமை. தோமஸ் மட்டும் பாடவில்லை. சின்ன வயசுக்குப் பிறகு அவர் மடுவுக்கு வருவது இதுதான் முதல் தடவை. போன வருசம் காய்ச்சல் என்று சாட்டுச் சொல்லித் தப்பியிருந்தார். இந்தமுறையும் வந்த இரண்டு நாளாகக் கோயில் வாசல்வரை போவதும் திரும்பி வருவதுமாக இருந்தார். பாலை மரங்கள் அப்படியேதான் நின்றன. எந்த மரத்துக்குக் கீழே தங்கினோம் என்று தேடுகிற சாட்டில் காட்டுக்குள் சுற்றித் திரிந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் குடிலுக்கு முன்னால் கிறேஸ் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மகள் றொஷேல் கோயிலிலிருந்து தனியாக வந்தாள். அவளுக்குப் பத்து வயசு. பெரிய வேலை ஒன்றை முடித்துவிட்ட முகத்தோடு தாய்க்குப் பக்கத்தில் குந்தினாள்.

"அம்மா, அடுத்தமுறை வரேக்க என்ர வெள்ளைக் கோழியைக் கொண்டுவர வேணும்."

"ஏன், கோழிக்கும் ஏதும் நேர்த்தியோ?"

"அதை மாதாவுக்குக் குடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன். நான் கேட்டதைத் தந்தால்."

"அப்பிடி என்னத்தைக் கேட்டனீ?"

"அப்பா இனிக் கடலுக்குப் போகக்கூடாது எண்டு."

விறகு பிளந்துகொண்டிருந்த தோமஸ் கத்தியைப் போட்டுவிட்டு எழும்பினார். "ஆர் உன்னை அப்பிடிக் கேக்கச் சொன்னது?" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் குடிலில் செபமாலை நின்றது. பிள்ளை வெருண்டுபோய் அழத் தொடங்கினாள்.

"நீங்கள் கடலால வந்து கிணத்தடிக்குப் பின்னால போய்ச் சத்தி எடுக்கிறனியள். எனக்குத் தெரியும். படுக்கேக்க கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு படுக்கிறனியள். அதுதான் கேட்டனான்."

கிறேஸ் அரிசிச் சட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். தோமஸ் அவளைப் பார்க்கும் நிலையில் இல்லை. இந்தமுறை மாதா எதை எடுப்பா? படகையா? ஊரில் தனியாக நிற்கிற றொசாந்தனையா? திரும்பவும் நேவியா, திரும்பவும் முகாமா? "எழும்பு! வா, வந்து மாத்திக் கேள்! பிழையாக் கேட்டுப்போட்டன் எண்டு சொல்லு!" என்று மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயில் பக்கமாக நடந்தார். வெயில் கொதித்தது. சனம் விலகி வழிவிட்டது. பாதி வழியில் பிள்ளையின் செருப்பு வார் அறுந்தது. அவள் ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டி வந்தாள்.

"அப்பா, கால் சுடுது."

தோமஸ் நின்று குனிந்து பார்த்தார். சுடுமணலில் ஒரு சின்னப் பாதம் மற்றப் பாதத்தின்மேல் ஏறி நின்றது. தன் கைக்குள் இருந்த அவளுடைய கையைப் பார்த்தார். அவருடைய இரண்டு விரல் அந்த மணிக்கட்டைச் சுற்றி வந்து மிச்சமும் இருந்தது. மூக்குச் சளியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்கு ஏன் கோபம் என்று விளங்காமல் அவள் விழித்தாள். தகப்பனுக்குச் சுகம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள், அதுவும் தன் கோழியைக் கொடுத்து. இதற்குப் போய் எந்தத் தாய் ஒரு ஊரை அழிப்பாள்? இந்தக் கையா ஒரு கடலை மூடும்?

அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. அவனும் இவ்வளவுதானே இருந்தான்! அந்தப் பொடியனும் இந்த உயரந்தான், இந்தக் கைதான், இந்தச் சளி மூக்குத்தான். முப்பது வருசத்துக்கு மேலாக அவர் தண்டித்துக்கொண்டிருந்தது ஒரு பெரிய பாவியை அல்ல. இத்தனை சின்னப் பிள்ளையை. கோயில் முற்றத்தில், அத்தனை சனத்துக்கு நடுவில், தோமஸ் முழங்காலில் விழுந்து மகளின் கால் மணலைத் தட்டித் தட்டி அழுதார். அழுகை அவளுக்காகவா, அவனுக்காகவா என்று அவருக்கே தெரியாது. பார்த்தவர்கள் ஏதோ பெரிய நேர்த்தி என்று நினைத்து, மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள்.

பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு குடிலுக்கு வந்தார். கிறேசிடம் எல்லாவற்றையும் சொன்னார். சத்தியை, வரிசையில் நின்று சொன்ன பொய்யை, பத்து வயசு நேர்த்தியை, இத்தனை காலமும் தின்ற குற்றத்தை. ஒரே மூச்சில் சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

கிறேசுக்குக் கோபந்தான் முதலில் வந்தது. "கடலை மூடினவை ஆரெண்டு ஊருக்கே தெரியும். எங்களைக் கலைச்சவை ஆரெண்டும் தெரியும். அதுக்குள்ள நீங்கள் ஏன் போய் நிக்கிறியள்? உங்களை ஆர் கேட்டது?" சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நான் வேப்பம்பூ அவிச்சுக்கொண்டிருந்தன், விசரி."

சோறு கொதித்தது. அவள் விறகை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பவும் தொடங்கினாள். இந்தமுறை குரல் தாழ்ந்திருந்தது.

"மாமாவை மண்டபத்தில பின்னேரத்துக்குப் பின்னேரம் தேடினது நான். எங்க இருப்பார் எண்டு எனக்குத் தெரியும். ஏனெண்டால் அவற்ற மனம் கரையிலதான் கிடந்தது. வயசு போனால் மனிசர் மனம் கிடக்கிற இடத்துக்குத்தான் போவினம். நீங்கள் சொல்லுங்கோ. எழுபது வயசில உங்களைக் காணேல்லையெண்டால் நான் எங்க போய்த் தேடுறது?"

இப்படியொரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. தோமஸ் கண்ணை மூடிக்கொண்டார். கரையில் ஒரு கிழவனைத் தேடிப் பார்த்தார். வெறித்த கண்ணோடு ஒருவர் இருந்தார், ஆனால் அது தகப்பன். அந்த இடம் தகப்பனுடையது. அவர் அதை ஆசையோடு வைத்திருந்தார், அதில் தனக்கு உட்கார உரிமையில்லை. பிறகு விடிகிற நேரத்து வெளிச்சத்தில் இன்னொரு கிழவன் தெரிந்தான். முழங்கை வரை மா. மூக்குக்கண்ணாடியில் மா. விறகு ஈரமென்று யாரோடோ சண்டை பிடித்துக்கொண்டு, சண்டைக்கு நடுவில் நின்று மூக்கை நிமிர்த்தி மோந்து பார்க்கிறான். அந்த மூக்கை தோமசுக்குத் தெரியும். பத்து வயசில் அந்த வாசலில் நின்ற அதே மூக்கு.

"போறணையடியில" என்றார். சொன்ன குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"அப்ப சரி" என்றாள் கிறேஸ், கஞ்சியை வடித்தபடி. "குல்சூம் ராத்தாவுக்குப் போனைப் போடுங்கோ. ஊர் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கொள்ளுறன். போட்டில பேரை மட்டும் அழிக்கவேண்டாம் எண்டு தம்பிட்டச் சொல்லுங்கோ."

ஊரில் றொசாந்தனிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. அவன் வலையை உதறிப் போட்டபடி கேட்டுவிட்டு, "எப்ப சொல்லுவியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான், அத்தான்" என்றான். "உங்களைக் கடல்ல வைச்சுப் பாக்க எனக்கும் ஏலாமப் போச்சு." தோமசின் பங்கு அதே ஊரில் படகில்லாமல் நின்ற இன்னொருவருக்குப் போனது. கண்ணாடி போட்ட பிள்ளை வந்து, "ஐயா, இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்று சலித்துக்கொண்டாள். "முதலே சொல்ல எனக்கே தெரியேல்லை, பிள்ளை" என்றார் தோமஸ்.

போறணைக்குக் கூரை போட்டு, புகைபோக்கி கட்டி, முதல் சூட்டுப் பாண் இறக்க அடுத்த வருசம் ஆனி பிறந்துவிட்டது. அந்த முதல் சூடு வாயில் வைக்க முடியாத உப்பு. இராமநாதபுரத்து அளவிலேயே உப்பைப் போட்டவருக்கு, தீவுக் கிணற்றுத் தண்ணி ஏற்கெனவே உவர் என்பது மறந்துபோனது. "கடலை விட்டாலும் உப்பை விடேல்லை" என்று ஊர் கொஞ்ச நாள் பகிடி பண்ணியது. புத்தளத்திலிருந்து உம்மு குல்சூம் போனில் சிரித்த சிரிப்பு, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வைத்தது. ஆடிக்குள் கை பழகியது. கடலிலிருந்து வருகிறவர்கள் பசியோடு நேரே அங்கேதான் வந்தார்கள். றொசாந்தன் காசு தரமாட்டான், பாரை மீனைக் கொண்டுவந்து போட்டுவிட்டு அச்சுப்பாணை எடுத்துக்கொண்டு போவான்.

முதல் சூட்டை மாதாவுக்குக் கொடுக்க முடியாமல் போனதுதான் தோமசின் கவலை. உப்புப் பாணைக் கொண்டுபோய் வைக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. "திருவிழாவுக்கு வெளிக்கிடுற அண்டைக்கு இறங்குற முதல் சூடு எண்டு கணக்கு வையுங்கோ. மாதா என்ன சண்டைக்கா வரப்போறா?" என்று கிறேஸ் தீர்ப்புச் சொன்னாள்.

அந்த ஆவணியில் தோமஸ் கோயில் வாசலில் நிற்கவில்லை, நேரே உள்ளே போனார். றொஷேல் ஒரு பக்கத்தில், கக்கத்தில் வெள்ளைக் கோழியோடு. அது இந்த ஒரு வருசத்தில் கொழுத்து, குஞ்சும் பொரித்திருந்தது. கொடுக்க மனமில்லாமலும் கொடுக்காமல் இருக்கப் பயந்தும் அவள் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். தோமசின் கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு றாத்தல் பாண். துணிக்குள்ளிருந்து இன்னும் சூடு வந்தது, அல்லது அவருக்கு அப்படித் தோன்றியது. சனம் நெருக்க நெருக்க முன்னால் போய், எப்போதோ ஒரு பொடியன் முழங்காலில் நின்ற இடம் என்று மனம் சொன்ன இடத்தில் முழங்காலில் நின்றார். பாணைப் பீடத்தடியில் வைத்தார்.

"மாதாவே" என்றார். காது கேட்காமல் போய்விடுமோ என்று வாய்விட்டே சொன்னார். "சூசைப்பாட்டுப் பொடியன் ஒருத்தன் இதை உமக்குக் குடுத்துவிட்டவன். கொண்டுவந்து சேக்க எனக்குக் கொஞ்சம் பிந்திப்போச்சு."